தூணுக்குக் கலவை தூக்கியவர்

கிருமாம்பாக்கத்தில் பஸ் ஏறிய அந்த அம்மா, கட்டட வேலையில் சித்தாள். வெயிலில் காய்ந்த முகம், பட்டுப்புடவை. புதுச் சம்பந்தியம்மாவுக்குப் பாண்டிச்சேரியைச் சுற்றிக்காட்டக் கிளம்பியவர், பக்கத்து சீட்டிலிருந்த என்னையும் "நீயும் வாப்பா" என்று கூட்டிக்கொண்டார்.

கலங்கரை விளக்கம், மாதா கோயில் என எதன் முன்னாலும் இடுப்பில் கைவைத்து உச்சியைத்தான் முதலில் பார்த்தார். சித்தாள் வீட்டில் பெண் கொடுத்த வருத்தம் சம்பந்தியம்மா முகத்தில் தெரிந்தது.

கடற்கரையில் ஒரு பிரெஞ்சுக் கட்டடத்தைக் காட்டி, "இதுவும் வெள்ளைக்காரன் கட்டுனதா?" என்றார் சம்பந்தியம்மா.

"மொதல்ல அவன் கட்னான். இடிஞ்சப்புறம் நாங்க கட்னோம். இந்தத் தூணுக்கெல்லாம் கலவை தூக்குனது நான்தான்."

சம்பந்தியம்மா அண்ணாந்து பார்த்தார். பிறகு போனை என்னிடம் நீட்டினார். "எங்க ரெண்டு பேரையும் தூணோட எடுப்பா. எம்பொண்ணுக்கு அனுப்பணும், உன் மாமியா கட்டுனதுன்னு."

அந்தக் கட்டடத்தை யார் கட்டியது என்று, நான் ஊர் சுற்றிக்காட்டும் விருந்தாளிகள் கேட்டால், எங்கள் ஊர்ப்பக்கத்து அம்மா ஒருவர் என்றுதான் இன்றும் சொல்கிறேன்.