ஜன்னலோரம் கேட்டவர்

ஒன்றரை வயதாகியும் மகள் எதையும் விரல் நீட்டிக் காட்டுவதில்லை. "கவனிச்சுட்டு வந்து சொல்லுங்க" என்றிருந்தார் டாக்டர். இன்று மத்தியானம் ஸ்ரீரங்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் அவரிடம்தான் போய்க்கொண்டிருந்தோம். சொல்வதற்கு நல்லதாக ஒன்றுமில்லை.

பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெரியவர், "ஜன்னலோரம் எனக்குத் தரீங்களாம்மா?" என்று கேட்டார். குழந்தைக்குக் காற்று படாமல் இருக்கட்டும் என்று உடனே மாறிக்கொண்டேன்.

முன் சீட்டிலிருந்து அவர் மனைவி திரும்பினார். "தப்பா நினைக்காதீங்க. முப்பது வருஷம் திருவெறும்பூருக்குக் கம்பெனி பஸ்ல தூங்கிக்கிட்டே போனாரு. ரிட்டயர் ஆனப்புறம்தான் பாலத்துக்குக் கீழ காவேரி ஓடுறதே தெரிஞ்சிருக்கு. இப்ப தினமும் அக்கரைக்குப் போயிட்டு வரணும், நானும் கூட வரணும்."

"நீ வேணா தூங்கு, யாரு வேணாங்குறா?" என்றார் அவர், வெளியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பாலம் வந்தது. குழந்தைகள் ஏன் சுட்டிக் காட்டுவதில்லை என்று நான் போனில் படித்துக்கொண்டிருந்தேன்.

"அந்தா பாரு, மணல்திட்டுல கொக்கு" என்றார் மனைவியிடம்.

"கொக்கு கிடக்கட்டும். ஏம்மா, உங்க பாப்பாவைப் பாருங்க" என்றார் அந்த அம்மா.

மடியிலிருந்து எக்கி, ஜன்னல் பக்கம் ஒரு விரலை நீட்டியிருந்தாள். நீட்டியபடியே திரும்பி, நான் பார்க்கிறேனா என்று என் முகத்தைப் பார்த்தாள்.

அந்த விரல் காட்டிய பக்கம் மணல், நாணல், நடுவே வெயில் பட்ட தண்ணீர். கல்லூரி நாளெல்லாம் கடந்த பாலம்தான். இதையெல்லாம் பார்த்த நினைவே இல்லை.

கொக்கு மட்டும் தெரியவில்லை, அதற்குள் கண் மங்கிவிட்டது. எந்தப் பக்கம் நிற்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நாளைக்கு ஜன்னலோரத்தை யாருக்கும் விடுவதாயில்லை.