சிவப்பு ஜீரோ வாட்ஸ்

போன வாரம் கும்பகோணத்தில் ஒரு பல்பு வாங்கப் போனேன். மஞ்சளா வெள்ளையா, ஏழு வாட்ஸா ஒன்பதா என்று கடைக்காரத் தம்பி சம்பந்தம் பேசுகிறவர்போல் விசாரித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. பல்பு தேர்ந்தெடுப்பதில் எங்கள் குடும்பத்துக்கு இருக்கிற ஞானம் இந்த ஜில்லாவில் யாருக்கும் கிடையாது.

கழக ஆட்சியில் எங்கள் தெருவுக்கும் கரண்ட் வந்தது. குடிசைக்கு ஒரே ஒரு விளக்கு. அப்பா குத்தகை விவசாயி, சங்கத்துக்காரர். செங்கொடியைத் தவிர வேறு சாமி கிடையாது. அம்மாவோ கோயில் மணி அடிக்குமுன் ஜெபமாலையோடு நிற்பவள். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் எதிலும் ஒத்துப்போனதில்லை. பல்பில் ஒத்துப்போனார்கள்.

"திருஇருதய ஆண்டவர் படத்துக்கு மேல சிவப்பு ஜீரோ வாட்ஸ் போடணுங்க" என்றாள் அம்மா.

"சிவப்புன்னா எனக்கென்ன கசக்கவா போவுது? போட்டுட்டாப் போச்சு" என்றார் அப்பா.

"சோத்துல மீன் எது முள் எதுன்னு தெரியாதேப்பா!" என்றேன். எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள் என்ற திமிர். யார் கேட்டார்கள்? அரிக்கேன் விளக்கை அதற்குள் அத்தை வீட்டுக்குத் தானம் கொடுத்தாயிற்று.

மிராசுதாரின் காரியஸ்தர் ஒரு நாள் வந்து பல்பைப் பார்த்து, "பேஷ்!" என்று பாராட்டிவிட்டுப் போனார். மறுவாரம் பொழுது சாய்ந்ததும் மறுபடி வந்தார். நாங்கள் உழுத ஆறு மா நிலத்துக்கும் புதுக் குத்தகைப் பத்திரம், இரண்டு பிரதி. "படிச்ச பொண்ணு இருக்கு. படிச்சுப் பாத்துட்டே கையெழுத்துப் போடுங்க" என்றார். அடடா, என்ன பெருந்தன்மை! நான் பல்புக்கடியில் தாளைப் பிடித்து, பூசையில் வாசகம் வாசிப்பதுபோல் கணீரென்று வாசித்தேன். அடியில் கொஞ்சம் இடம் வெறுமையாக இருந்தது.

"எல்லாம் சரியாத்தான் இருக்குப்பா."

அப்பா கையெழுத்துப் போட்டார்.

காலை வெயிலில் எங்கள் பிரதியைப் பிரித்தேன். வெறுமையாக இருந்த இடத்தில் சிவப்பு மையால் முத்துமுத்தாக ஒரு வரி: இந்தப் போகம் அறுத்ததும் நிலத்தை மனமுவந்து விட்டுவிடுகிறேன். சிவப்பு வெளிச்சத்தில் சிவப்பு மை தெரியாது என்று எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அப்பாவை இழுத்துக்கொண்டு தாலுகா ஆபீசுக்கு ஓடினேன்.

அங்கே அதிகாரி ஒரே கேள்விதான் கேட்டார்: "படிச்ச பொண்ணு வாசிச்சுக் காட்டினப்பறம்தானே கையெழுத்துப் போட்டீங்க?"

அப்பா என்னைத் திட்டவே இல்லை. திட்டித் தொலைத்திருக்கலாம். அறுவடை முடிந்து நிலத்தை விட்ட அன்று நாற்பது வாட்ஸ் பல்பு வாங்கிவந்து மாட்டினார். வீடு பளிச்சென்று ஆனது. வாசிக்கத்தான் ஒன்றும் இல்லை.

"எது வேணும்னு சொல்லுங்கம்மா" என்றார் கடைக்காரத் தம்பி.

மளிகைச் சீட்டின் பின்பக்கம் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு கிழித்து நீட்டினேன். "இது தெரியுற பல்பாக் குடுங்க தம்பி."

"எல்லா பல்புலயும் தெரியும்மா!" என்று சிரித்தார்.

"ஒவ்வொண்ணாப் போட்டுக் காட்டுங்க" என்றேன்.