குப்பிக்குப் போகிறேன்

மண்ணெண்ணெய் வாசம் மூக்கில் ஏறினால் எனக்கு அளவையியல் என்ற தர்க்கப் பாடம் ஞாபகம் வருகிறது. ஏன் என்று கேட்டால் நேராகச் சொல்லத் தெரியாது. நாங்கள் படித்தது பட்டப்பகலில். பக்கத்தில் விளக்கு எதுவும் எரியவில்லை. வாசம் அந்தச் சொல்லுக்குள் இருந்து வருகிறது போலும்.

குப்பி. போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரி போட்டு எரிக்கிற விளக்கைச் சிங்களத்தில் அப்படிச் சொல்வார்கள். கெம்பஸில், அதுதான் பல்கலைக்கழகத்தில், பாடம் விளங்கின ஒருவர் விளங்காத நாலு பேருக்குச் சொல்லிக்கொடுக்கிற கூட்டத்துக்கும் அதே பெயர். எப்போதோ யாரோ அந்த வெளிச்சத்தில் கூடிப் படித்திருக்க வேண்டும். விளக்குப் போய்விட்டது, பெயர் ஒட்டிக்கொண்டது. என் வாயிலும் ஒட்டிக்கொண்டது. அதே சொல்லுக்கு வடக்கில் வேறு அர்த்தம் இருந்தது, பத்திரிகையில் வந்துகொண்டிருந்த அர்த்தம், போராளிகளின் கழுத்தில் சயனைட்டோடு தொங்குகிற அர்த்தம். எனக்கு அது தெரியாமலா இருந்தது? தெரியும். அம்மாவுக்குச் சீட்டு எழுதுகிறபோது தோன்றவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வேலைநிறுத்தத்தால் கெம்பஸை மூடியிருந்தார்கள். நான் மாத்தளைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில் இருந்தேன். அளவையியலில் ஏற்கெனவே ஒருமுறை பெயில். ரிபீட்டிலும் விழுந்தால் படிப்பு அதோடு சரி. அம்மாவோடு கூடை தூக்கி மலை ஏற வேண்டியதுதான்.

நான் படிக்காமல் இல்லை. ஒரே நோட்ஸை மூன்று முறை பிரதி எடுத்திருந்தேன், முத்து முத்தாக. கை படித்தது. நான் எங்கே இருந்தேன் என்று தெரியவில்லை.

டவுனில் இருந்த என் சிநேகிதிக்குப் பாடம் கண் வழியே ஏறும். வட்டத்துக்குள் வட்டம் போட்டு, பச்சையும் சிவப்பும் பூசி, ஒரு பக்கம் நீளும் வாதத்தை ஒரே பார்வையில் முடிப்பாள். ஏலம் கிராம்பு வியாபாரம் செய்யும் வீட்டுப் பெண். அம்மாவுக்கும் தெரிந்த வீடு. ரிபீட்டுக்குத் திகதி வந்ததும் வரச் சொல்லி அனுப்பினாள். அம்மா மலையில் இருந்தாள். ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி சோற்றுப் பானை மூடியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்: “எனக்கு இனிக் குப்பிதான் வழி. டவுனுக்குப் போறேன். தேட வேணாம்.”

சிநேகிதி முதல் வேலையாக என் பேனையைப் பிடுங்கினாள்.

“நீ எழுதுறது படிக்க இல்ல. பயத்துக்கு. வாயால செல்லு.”

“வாயால வராது.”

“வந்த மட்டும் செல்லு. புத்தகத்துல ஈக்கிற ஆள் பேர எடுத்துட்டு ஒன்னப் போடு.”

கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். “மனிதர் எல்லோரும் இறப்பவர். நான் மனிதர். ஆகவே நான் இறப்பேன்.”

வாசலில் ஏதோ விழுந்தது. திரும்பினால் அம்மா. ஒரு காலில் செருப்பு இல்லை. இடுப்பில் கொழுந்து பறிக்கிற படங்குச் சாக்கு கட்டினபடியே இருந்தது. வந்த வேகத்தில் என் கழுத்தைப் பிடித்தாள். நெரிக்கிறாள் என்று நினைத்தேன். இல்லை, சட்டைக்குள் கயிறு ஏதும் இருக்கிறதா என்று தடவினாள்.

“எங்கடி குப்பி?”

சிநேகிதிக்கு முதலில் விளங்கிவிட்டது. “அல்லாவே, மாமி, இதுதான் குப்பி. நாங்க ரெண்டு பேருந்தான்.”

அம்மா அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வட்டங்களைப் பார்த்தாள். “படிக்கிறதுக்கா அந்தப் பேரு? படிச்சவங்களுக்கு வேற பேரே கெடைக்கலயா?” தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். அந்த வீட்டு உம்மா கொண்டுவந்த பிளேன்டீயைக் குடித்து முடித்த பிறகு, “சாவேன்னு சொன்னியே, அது என்னா?” என்றாள்.

சொன்னேன். வாயால்தான். முதல் வரி, இரண்டாம் வரி, அதிலிருந்து வருகிற மூன்றாம் வரி. வரிகள் பொய்யாக இருந்தாலும் வடிவம் சரியாக இருக்கலாம் என்றேன்.

“பொய்ய வச்சுக்கிட்டு சரிங்கிறாங்களா? நம்ம கங்காணி மாதிரி.”

சிநேகிதி சிரித்துவிட்டாள். எனக்குச் சூடு ஏறியது. “இங்க பாருங்கம்மா. தோட்டத்துப் புள்ளைங்க எல்லாம் பெயில். நான் தோட்டத்துப் புள்ள. அதனால நான் பெயில். வடிவம் சரி. ஆனா மொத வரி பொய்.”

“பொய்னு யாரு சொன்னா?”

அம்மா குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அந்த வருடம் எங்கள் தோட்டத்திலிருந்து கெம்பஸ் போனது நான் ஒருத்தி. அது பொய் என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே அத்தாட்சி நான். நானோ ஏற்கெனவே விழுந்தவள். சிநேகிதி மேசையில் தட்டினாள். “இப்ப வெளக்கினியே புள்ள, இதுதான் போன தடவ நீ விட்ட கேள்வி.”

அப்படியா? எனக்கு விளங்கிவிட்டதா, இல்லை அம்மாவுக்கு முன்னால் விளங்கினமாதிரி பேசிவிட்டேனா? இரண்டுக்கும் வித்தியாசம் உள்ளேயிருந்து தெரிகிறதா என்ன? இந்த வயதிலும் மேடையேறி இரண்டு வார்த்தை பேசி இறங்குகிறபோது இதே குழப்பம். மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள். நான் என் தலையை எங்கே வைத்தேன் என்று தேடுகிறேன்.

பரீட்சைக்குப் போகிற அன்று அம்மா வேலைக்குப் பேர் கொடுக்காமல் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வந்தாள். அரைநாள் பேருக்கான சம்பளமும் போச்சே என்றேன், காதில் வாங்கவில்லை. கண்டி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. “எல்லாம் தெரியுமா?” என்று கீழே நின்று கேட்டாள்.

“தெரியலம்மா.”

பஸ் நகர்ந்தது. கம்பியில் இருந்த என் விரல்களை விடாமல் நாலடி கூடவே நடந்தாள்.

“தெரியாட்டித் தெரியாதுன்னு எழுதி வச்சிட்டு, நேரா வீட்டுக்கு வந்துரு.”