பூஜைக்கு வைத்த லேத்து

தம்பி போய் ஒரு வருஷம் ஆகிறது. மூத்தவள் நான் எழுதினால்தான் சரி என்று எல்லோரும் சொன்னார்கள். நினைவு மலரில் 'அவர்' என்றுதான் எழுத வேண்டுமாம். இடுப்பில் தூக்கி வளர்த்தவனை அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை. உறவுகள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாகர்கோவில் பக்கம் பிறந்தவன். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவனுக்கு ஐந்து வயது. நான் மலையாளத்துக் கரமனைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது அவனையும் கூட்டிக்கொண்டுதான் வந்தேன். பத்தாவது முடித்ததும் ஐ.டி.ஐ.யில் இரும்பு கடைகிற லேத்து வேலை படிக்க ஆசைப்பட்டான். கையில் கரி படாத உத்தியோகம் வேண்டும் என்று நான்தான் டைப்ரைட்டிங்குக்கு அனுப்பினேன். மறுபேச்சுப் பேசவில்லை. சர்க்கார் ஆபீசில் யாரிடமும் கைநீட்டாத கிளார்க் என்று பெயரெடுத்து ஓய்வு பெற்றான். மனைவியைப் பறிகொடுத்த பின் என்னோடு வந்து இருந்தான். பிள்ளைகள் இல்லை.

ஒருநாள், பூட்டிப்போன பட்டறையிலிருந்து துருப்பிடித்த லேத்து ஒன்றை வண்டியில் கொண்டுவந்து பின்பக்கத்து ஷெட்டில் இறக்கினான்.

"பென்சன் வாங்குத வயசுல கொல்லப்பணி படிக்கப் போறியாலே?" என்றேன்.

"ஒரு கம்பியாவது என் கையால கடைஞ்சு பாக்கணும்க்கா. அது போதும்."

ஒன்றரை வருஷம் அதோடுதான் கிடந்தான். மண்ணெண்ணெய் போட்டுத் துரு எடுத்தான். பேரிங் மாற்றினான், மோட்டார் வைத்தான். கம்பியைப் பிடிக்கிற சக்கின் மூன்று தாடைகளையும் கழற்றித் துடைத்து மாட்டினான். பிறகு கையால் சுற்றிப் பார்த்தால் கம்பி நடுவில் நிற்காமல் ஆடியது. இரண்டு நாள் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. தம்பானூரில் பட்டறை வைத்திருந்த மேஸ்திரி வந்து பார்த்துச் சிரித்தார்.

"எந்தா சாரே, தாடையில ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு கொத்தியிருக்கல்லோ. வரிச மாத்தி இட்டா எங்ஙனே நிக்கும்? ஆயுசு முழுக்க பைலுக்கு நம்பர் இட்ட ஆளல்லே?"

தம்பியும் சேர்ந்து சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

எல்லா வேலையும் முடிந்து பெல்ட் மாட்டிய நாள் அஷ்டமி. அன்று பூஜைக்கு வைத்த ஆயுதத்தை விஜயதசமி காலை வரை தொடக்கூடாது என்பது நம் வீட்டுக் கண்டிப்பு. அவன் கை கழுவப் போன நேரத்தில் நான் லேத்துக்குச் சந்தனமும் குங்குமமும் தொட்டு வைத்துவிட்டேன்.

"அக்கா, ஒரே ஒரு நிமிசம் ஓட்டிப் பாத்துக்கிடட்டா?"

"பூஜ வச்சாச்சுல்லா. இத்தன நாள் பொறுத்த, ரெண்டு நாள் பொறுக்க மாட்டியா? இரும்பு எங்கயும் ஓடிப்போயிராது."

"செரிக்கா."

மறுநாள் நவமி. காலையில் நாலைந்து தடவை ஷெட் வாசலில் போய் நின்று பார்த்துவிட்டு வந்தான். உள்ளே கால் வைக்கவில்லை. மதியம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஆட்டோவில் என் தோளில் சாய்ந்தபடி, "பெல்ட்டு கொஞ்சம் முறுக்கமா இருக்கு, மேஸ்திரிகிட்ட சொல்லுக்கா" என்றான். அதற்குப் பிறகு பேச்சில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போதே போய்விட்டான்.

பதினாறு முடிந்து மேஸ்திரி வந்தார். பெல்ட்டைத் தளர்த்தி, ஒரு கம்பியை மாட்டி, என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓட்டினார். இரும்பு சுருள் சுருளாக உரிந்து விழுந்தது. "ஒரு நூல் ஆட்டமில்லா சேச்சி. சாருடெ பணி அசல்" என்றவர் அதற்குமேல் நிற்க முடியாமல் வெளியே போய்விட்டார்.

அவனைத் தூக்கிச் சென்ற ஆட்டோக்காரருக்கும், தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும், தூரத்திலிருந்து வந்து என்னோடு இருந்த உறவுகளுக்கும், மேஸ்திரிக்கும் கைகூப்புகிறேன்.

தம்பி, சின்ன வயதிலிருந்து என் சொல்லை நீ தட்டியதே இல்லை என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த ஒரு நாள் நீ தட்டியிருக்கலாம்.