நடவில் நான் கட்டிய பாட்டு

குருவிநத்தத்தில் நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது அந்த வீட்டில் என்னோடு பேச ஆளே இல்லை. மாமனார் பேசினால் உத்தரவு, மாமியார் பேசினால் குறை. என் புருஷன் பேசவே மாட்டார். அவர் ஊமையில்லை என்று எனக்கு நிச்சயமாகவே ஒரு வருஷம் ஆயிற்று. மிச்சம் இருந்தது கொழுந்தன் ஒருவன்தான். அவனுக்கும் எனக்கும் ஒரே வயது. கொழுந்தனைக் கிண்டல் பண்ண அண்ணிக்கு உரிமை உண்டு என்பது ஊரே ஒத்துக்கொண்ட விஷயம். அந்த உரிமையில் நான் ஒரு பொட்டுகூட வீணாக்கவில்லை.

அவன் ஏர் பிடித்தால் சால் கோணிக்கொண்டு போகும். என் தலையைப் பின்னிவிட்டால் ஒரு முடி விலகாது.

"கொழுந்தனாரே, உங்களக் கட்டிக்கப் போறவ குடுத்து வச்சவ" என்பேன். சிரிப்பான். மாமனாரின் செருப்புச் சத்தம் கேட்டால் சீப்பு என் மடிக்கு வந்துவிடும்.

தவளக்குப்பம் பக்கம் அவனுக்குப் பெண் பார்த்துப் பரிசம் போட நாள் குறித்தார்கள். மறுநாள் நான் கொட்டகைச் சுவரில் வறட்டி தட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றான்.

"அண்ணி, இந்தக் கல்யாணத்த எப்படியாச்சும் நிறுத்திக் குடு."

"இன்னாத்துக்கு? பொண்ணுக்குப் பல்லு எடுப்பா?"

"பொண்ணு நல்ல பொண்ணுதான். நான்தான் மாப்ள இல்ல."

"பின்ன நீ இன்னா?"

சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "எனக்கு நெனவு தெரிஞ்ச நாளா நான் பொம்பளதான் அண்ணி. ஒடம்புதான் வேற மாதிரி வந்துட்டுது. இந்த வூட்ல ஒனக்கு நாத்தனா இல்லியே, நான் நாத்தனாவா இருந்துட்டுப் போறேன். வேற யாரும் அப்பிடிக் கூப்புட வேணாம். நீ மட்டும் கூப்புடு, போதும்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவன் சொன்னதிலேயே இதுதான் நல்ல வேடிக்கை என்று நினைத்தேன். அவனும் கொஞ்சம் பிந்திச் சிரித்தான். கண் சிரிக்கவில்லை. அதைப் பார்த்தேன், பார்த்தும் அடுத்த வறட்டியைத் தட்டினேன்.

அந்த வாரமே நடவு. நாற்றுக்கட்டைக் கொண்டுவந்து எறிவதோடு ஆண்கள் வேலை சரி. சேற்றில் வரிசையாகக் குனிந்து நிற்பது பெண்கள்தான். முதுகு வலி தெரியாமலிருக்கப் பாட்டு. ஒருத்தி ஓரடி கட்டுவாள், மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள். வம்பு இல்லாத அடிக்கு ஒருத்தியும் வாய் திறக்கமாட்டாள். என் முறை வந்தது. மனசில் வேறு சரக்கில்லை.

ஆத்தோரம் பெரிய வூடு, அங்க ஒரு கொழுந்தனாரு,
மாப்ளக் கோலம் வேணாமாம், மஞ்சப் பூச ஆசையாம்,
அண்ணிக்கு நாத்தனாவா ஆக்கிவுடச் சொன்னாராம்!

கழனியே அதிர்ந்தது. நான் கட்டிய எந்த அடிக்கும் அப்படியொரு குலவை விழுந்ததில்லை. நிமிர்ந்து பார்த்தேன். தோளில் நாற்றுக்கட்டோடு அவன் வரப்பில் நின்றிருந்தான். மீதிக் கட்டுகளையும் சரியாக, இடம் பார்த்து எறிந்துவிட்டுத்தான் போனான்.

பேர் சொல்லவில்லையே என்று சமாதானப்பட்டுக்கொண்டேன். ஆற்றோரம் பெரிய வீடு இருப்பதே ஒன்றுதான். அதே கூட்டம் எங்கள் கழனி முடித்துப் பாகூர் போயிற்று, பாகூர் முடித்துத் தவளக்குப்பம் போயிற்று. பாட்டும் கூடவே போயிற்று.

பத்தாம் நாள் பெண் வீட்டார் நாலு பேர் வந்து நின்றார்கள். பெண்ணின் சித்தப்பா சொன்னார்: "ஒங்க பையனப் பத்தி எங்க கழனியில பாடுறாளுங்க. எங்க பொண்ணே அதப் பாடிக்கினு நடுறா, அது யாருன்னு தெரியாம."

மாமனார் கொழுந்தனைக் கூப்பிட்டார். "பொய்யின்னு சொல்லுடா."

சொல்லிவிடு சாமி என்று நான் கதவுக்குப் பின்னால் வேண்டிக்கொண்டேன். வேண்டியதற்குப் பதில் வெளியே வந்து, "மாமா, அது நான் வெளையாட்டுக்குக் கட்னது" என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் என்னைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயம். ஊர் முழுக்கக் கேட்கிற என் வாய் அன்றைக்குத்தான் மூடிக்கொண்டது.

"பாட்டு நெசந்தாம்பா" என்றான் கொழுந்தன். யார் கட்டியது என்று சொல்லவில்லை.

"அப்ப எனக்குப் புள்ள ஒண்ணுதான்" என்றார் மாமனார்.

என் புருஷன் வாயைத் திறந்தார். எப்போதும்போல் மூடிக்கொண்டார். அவன் கேட்டபடியே கல்யாணம் நின்றது. உச்சிப்பொழுதுக்குள் ஆற்றில் இறங்கி அக்கரைக்கு நடந்தான். எங்கள் கரை பிரெஞ்சுக்காரன் சீமை, அக்கரை இங்கிலீஷ்காரன் சீமை. தேடிக்கொண்டு யாரும் போகவில்லை.

ஐந்து வருஷம் கழித்து ஆடியில் வீராம்பட்டினம் தேருக்குப் போயிருந்தோம். என் இடுப்பில் மகள், பக்கத்தில் மாமியார். கூட்டத்துக்குள்ளிருந்து "அண்ணி!" என்று குரல். பச்சைச் சேலை, நெற்றி நிறையக் குங்குமம், இளைத்த முகம். அவள் என்று சொல்ல எனக்கு இத்தனை வயது ஆகியிருக்கிறது, அவள்தான்.

"யார்டி அது, ஒன்ன மொற வச்சிக் கூப்புடுது?" என்றார் மாமியார்.

"இந்தத் தேருக் கூட்டத்துல யாரப் பாத்தாலும் எனக்கு ஒறவுதான் அத்தே. போற போக்குல சாமிகூட அண்ணின்னுதான் கூப்புடும்" என்றேன்.

மாமியார் சிரித்தார். சிரித்தபடியே அந்த முகத்தை ஒரு தரம் முழுசாகப் பார்த்தார். பிறகு என் இடுப்பிலிருந்த குழந்தையை வாங்கிக்கொண்டு வேகமாக முன்னே நடந்தார்.

"பாப்பாக்கு இன்னா பேரு வச்ச அண்ணி?" என்று கேட்டாள். நான் அதைக்கூடச் சொல்லாமல் மாமியார் பின்னாலேயே போய்விட்டேன்.

அதற்கப்புறம் ஒவ்வோர் ஆடிக்கும் வீராம்பட்டினம் போனேன். அவள் கண்ணில் படவே இல்லை. பட்டிருந்தால் மட்டும் நாத்தனா என்று கூப்பிட்டிருப்பேனா? மாமியார் இருந்தவரைக்கும் மாட்டேன். அவர் போன பிறகு புருஷன் இருந்தார். அவரும் போன பிறகு கூப்பிடலாம் என்று இருந்தேன். கூப்பிட ஆளில்லை.