நேராக்கப்பட்ட கால்

என் மனைவியின் வலது முழங்கால் உள்பக்கம் தேய்ந்து, கால் வில்லைப்போல வெளியே வளைந்திருந்தது. கண்டி நகரப் பாடசாலையொன்றில் கணிதம் கற்பித்தாள், வகுப்பறை மாடியில். படியேற அவளுக்கு நேரமெடுத்தது. அதிபர் ஒருநாள், "டீச்சர், முந்தியே பென்ஷன் எடுத்துக்கிட்டா என்ன? ஏன் இப்படிக் கஷ்டப்படுறீங்க?" என்று அன்பாகத்தான் கேட்டாராம். வீட்டுக்கு வந்தவள், நான் ஊற்றிய தேநீரைத் தொடவில்லை.

"படியேறினால்தானேப்பா நான் ரீச்சர்" என்றாள்.

குண்டசாலையிலிருந்து பஸ்ஸில் போய்வந்தோம். பஸ்களில் குண்டு வெடித்த ஆண்டுகள் அவை. நகருக்குள் நுழையுமுன் மண்மூட்டை அடுக்கிய சோதனைச் சாவடி. எல்லாரும் பைகளோடு இறங்கி, வரிசையில் நின்று, சோதனை முடித்து, அப்பால் நிற்கும் பஸ்ஸில் மறுபடி ஏற வேண்டும். முதியவர்கள், கர்ப்பிணிகள், நொண்டுகிறவர்கள் மட்டும் உள்ளேயே இருக்கலாம். சிப்பாய் ஏறி வந்து அவர்களின் பையைப் பார்ப்பான். என் மனைவி எழ முயல்வதைக் கண்டதும், "அம்மே, இன்ன" என்று சிங்களத்தில் இருக்கச் சொல்வான். அதை ஒரு சலுகை என்று நாங்கள் நினைத்ததேயில்லை.

கணினி வழிகாட்ட முழங்கால் மாற்றும் முறை கொழும்பில் இருப்பதாக அறிந்து, அங்கேயே செய்விக்க வேண்டுமென்று நின்றவன் நான். நில அளவைப் படங்கள் வரைவது என் தொழில். கண்மதிப்பில் எலும்பை வெட்டுவது எனக்கு ஒப்பவில்லை. மருத்துவர் பொறுமையாக விளக்கினார். முழங்காலுக்கு மேலும் கீழும் உள்ள எலும்புகளில் சிறு ஆணிகளை ஊன்றி, அவற்றில் ஒளியைத் திருப்பும் உருண்டைகளைப் பொருத்துவார்கள். எதிரே நிற்கும் கமரா அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும். காலைத் தூக்கி வட்டமாகச் சுழற்றினால், அந்தச் சுழற்சியிலிருந்தே இடுப்பு மூட்டின் மையத்தைக் கணினி கண்டுகொள்ளும். பிறகு இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் ஒரே கோட்டில் அமையும்படி எங்கே வெட்டி உலோக மூட்டை வைப்பதென்று திரையில் காட்டும். சத்திரசிகிச்சை முடிந்து வெளியே வந்தவர், பிசகு ஒரு பாகைக்கும் குறைவு என்றார். எனக்குக் கண் கலங்கியது.

மாதக்கணக்கில் பயிற்சி செய்தாள். நேராக நடந்தாள். பாடசாலைக்குத் திரும்பிய காலை, சாவடியில் எல்லாரோடும் சேர்ந்து இறங்கினாள். கொண்டக்டர்கூட, "டீச்சர் இப்ப ஓடுவாங்க போல" என்று சிரித்தான்.

பெண்களைச் சோதிக்கும் தகர மறைப்புக்குக் கதவில்லை. அங்கிருந்த பெண் சிப்பாய்க்கு எங்கள் மகள் வயதிருக்கும். கையிலிருந்த, உலோகத்தைக் காட்டும் கருவியை உடல்வழியே இறக்கினாள். முழங்காலருகே அது கூவியது. மறுபடி வைத்தாள்; மறுபடி கூவியது. முழங்காலில் உலோகம் இருப்பதாக மருத்துவர் எழுதித் தந்த ஆங்கில அட்டையை மனைவி நீட்டினாள். சிப்பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சேலையை உயர்த்தும்படி கை காட்டினாள். வெளியே வரிசையில் நின்றவர்களில் என் மனைவியின் மாணவர்களின் தகப்பன்மாரும் இருந்தார்கள். பலர் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டே நின்றது.

மறுநாள் வேறு சிப்பாய். அதே கூவல், அதே சேலை. அதற்கடுத்த நாளும்.

"கழட்டி வீட்டில வைச்சிட்டுப் போற சாமானே இது?" என்று மனைவி என்னிடம் கேட்டாள்.

ஒரு வாரம் லீவு போட்டாள். பிறகு ஒரு காலை, அலுமாரிக்குப் பின்னாலிருந்த பழைய ஊன்றுகோலை எடுத்து வந்தாள். சாவடி தெரிந்ததும் காலை வளைத்து, பழையபடி சாய்ந்து எழ முயன்றாள். ஏறி வந்த சிப்பாய், "அம்மே, இன்ன" என்றான்.

அதே பஸ்ஸில் வேறு ஆசிரியர்களும் வந்தார்கள். இறங்கிய பின் நிமிர்ந்து நடந்தால் யாராவது வாய்தவறிச் சொல்லிவிடலாம். சாவடியில் ஏமாற்றும் தமிழ்ப் பெண்ணுக்கு அந்த நாட்களில் என்ன நேரும் என்று எங்களுக்குத் தெரியும். ஆகவே வீதியிலும் நொண்டினாள், பாடசாலையிலும் நொண்டினாள், படிகளிலும் நொண்டினாள். மறுபடி நேரமெடுத்தது. இரும்பை வைத்தும் சரிவரவில்லையே என்று எல்லாரும் இரங்கினார்கள். அதிபர் பழைய கேள்வியை இன்னும் மென்மையாகக் கேட்டார். இம்முறை அவள் மறுக்கவில்லை. அந்தத் தவணையோடு ஓய்வு பெற்றாள்.

அடுத்த பரிசோதனையில் மருத்துவர் அவளை நடக்கவிட்டுப் பார்த்துக் குழம்பினார். இடுப்பு முதல் கணுக்கால் வரை புதிய எக்ஸ்ரே எடுத்தார். அவரிடம் உள்ளதைச் சொல்லும் துணிவு எங்கள் இருவருக்குமே வரவில்லை.

வீட்டில் அந்தப் படத்தை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, இடுப்பின் மையத்திலிருந்து கணுக்காலின் மையத்துக்கு என் அடிமட்டத்தை வைத்தேன். கோடு முழங்காலின் நடுவால் போயிற்று. கதிரையில் இருந்தபடி அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேராத்தானேப்பா இருக்கு?"

"ஓம்" என்றேன்.

அவள் எழுந்து தேநீர் வைக்கக் குசினிக்குப் போனாள். வீட்டில் எங்களைத் தவிர யாருமில்லை. சுவரைப் பிடித்து, காலை வெளியே வளைத்து, நொண்டி நொண்டித்தான் போனாள்.