ஒட்டகத்தின் முன்னங்கால்

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் நத்தார்ப் பண்டிகைக்குப் பாலன் குடில் வைப்பதென்றால் சும்மா விளையாட்டில்லை. கோயிலிலிருந்து பாதரும் இன்னும் இரண்டு பேரும் வீடு வீடாக வந்து பார்த்துப் பரிசு கொடுப்பார்கள். மற்ற வீடுகளில் சொரூபத்தையும் கலர் பல்புகளையும் காட்டிப் பெருமை அடிப்பார்கள். எங்கள் வீட்டுப் பெருமை குடிலுக்குப் பின்னால் நிற்கும் படம். தேயிலைப் பெட்டிப் பலகைகளைச் சேர்த்து அடித்து, அதில் மாமி பெத்லகேமை வரைவார்.

மாமி அப்பாவின் தங்கை. இளம் வயதிலேயே மூட்டுவாதம் வந்து விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டன. காலையில் சுடுதண்ணீரில் கையை வைத்திருந்தால்தான் அவை அசையும். பொரளை ஆஸ்பத்திரியில் கொடுக்கும் மாத்திரை வயிற்றை எரிக்கும். இதையெல்லாம் அம்மாதான் ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிந்தார். மாமி ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

அந்த வருஷம் விரல்கள் தூரிகையைப் பிடிக்கவே மறுத்தன. அப்பாவுக்கு இரக்கம் பொங்கிவிட்டது. நீ கதிரையில் இருந்து சொல்லு, நாங்கள் கீறுகிறோம் என்றார். அப்பா தன் வாழ்நாளில் ஒரு வாழைப்பழப் படம்கூடக் கீறியவரில்லை. மாமி என்னைக் கூப்பிட்டு, தூரிகையை உள்ளங்கையோடு சேர்த்துப் பண்டேஜால் இறுக்கிக் கட்டச் சொன்னார். விரல் போனால் போகட்டும், தோள் இருக்கிறதென்று முழுக்கையையும் வீசி வரைந்தார். வலி உச்சிக்கு ஏறினால் சிங்களத்தில் திட்டுவார். சிங்களத்தில் திட்டினால் மாதாவுக்கு விளங்காது என்று ஒரு நினைப்பு.

நத்தாருக்குள் படம் முடிந்துவிட்டது. அப்படியொரு நீலத்தை நான் வானத்தில்கூடக் கண்டதில்லை.

வந்த பாதர் படத்தைப் பார்க்கவில்லை, மாமியின் கையைப் பார்த்தார். பாவம், இந்தக் கையோடா இவ்வளவும் என்றார். கூட வந்தவர் உச்சுக் கொட்டினார். உடனே ஒரு விசேஷ பரிசு வெளியே வந்தது. முதல் பரிசு சுவர் மணிக்கூடு என்று எல்லோருக்கும் தெரியும். இதுவோ சுடுதண்ணீர் பிளாஸ்க், நோயாளிக்கென்றே பார்த்து வாங்கியது. அம்மா சந்தோஷமாகக் கையை நீட்டியும் விட்டார்.

"வேண்டாம் பாதர்," என்றார் மாமி. "என்ர கைக்குப் பரிசு வேண்டாம். படத்தைப் பாருங்கோ. நல்லாயில்லையெண்டா நல்லாயில்லையெண்டு சொல்லிப்போட்டுப் போங்கோ."

அப்பாவுக்கு வேர்த்துவிட்டது. அவளுக்கு இன்றைக்குக் கொஞ்சம் சுகமில்லை என்று ஏதோ சமாளித்தார். மாமி பாதரை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை.

பாதரோடு வந்த மற்றவர் ஓய்வுபெற்ற சித்திர மாஸ்டர். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, படத்துக்கு முன்னால் குந்தியிருந்து நன்றாகப் பார்த்தார்.

"வானம் நல்லாயிருக்கு. ஒட்டகம் சரியில்லை, பிள்ளை. முன்னங்கால் மாட்டின்ர கால். இந்தக் காலோட அது பெத்லகேமுக்குப் போய்ச் சேராது. இதுக்குப் பரிசு தரேலாது."

மாமியின் முகத்தில் அப்படியொரு சிரிப்பு! மாஸ்டருக்குக் கதிரை போடச் சொன்னார், கேக் வெட்டச் சொன்னார். ஒட்டகத்தின் முழங்கால் எங்கே மடியும், எவ்வளவு மடியும் என்று இருவரும் கதைத்தார்கள், கதைத்தார்கள், அப்படிக் கதைத்தார்கள். பாதர் பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். கடைசியில் அது அடுத்த வீட்டுக்குப் போனது. அம்மா குசினிக்குள் சட்டிகளை உருட்டத் தொடங்கினார்.

பரிசும் இல்லை, அதற்குமேல் பேச்சும் கேட்டாகிவிட்டது. அவர்கள் படி இறங்கியதும் மாமியிடம் ஓடிப்போய், அந்த மாஸ்டருக்கு ஒன்றும் தெரியாது, உங்கட ஒட்டகம் நல்ல வடிவு என்றேன்.

மாமியின் சிரிப்பு நின்றுவிட்டது.

"கால் பிழைதான். நீயும் எனக்குப் பாவம் பாக்காதை. போய் வெள்ளைப் பெயின்ற் பேணியை எடுத்துக்கொண்டு வா."

குறை சொன்ன மாஸ்டருக்குக் கதிரையும் கேக்கும், வடிவு என்று சொன்ன எனக்கு ஏச்சு. இது எந்த ஊர் நியாயம் என்று விளங்காமல், அழுதுகொண்டே போய்ப் பேணியை எடுத்து வந்தேன்.